கொடுங்கோல் முறிந்த மறுநாள்

கொடுங்கோலன் ஒருவன் வீழ்ந்தான் என்னும் செய்தி எந்நாட்டிலிருந்து வரினும் நம் நெஞ்சம் களிக்கின்றது. அஃது இயல்பே. நெடுங்காலம் அடிமைப்பட்டு வருந்திய இனத்தார்க்குப் பிறர் தளை அறுபடும் ஓசையும் இன்னிசையாகவே கேட்கும். ஆயினும், தளை அறுபட்ட நாளைப் பற்றி எழுதுவோர் பலர். அதற்கு மறுநாளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். விடுதலை வேண்டி நிற்கும் நாம் கருத்தூன்றிக் கற்க வேண்டுவது அம் மறுநாளின் பாடத்தையே.

2024 திசம்பர் 8-ஆம் நாள் சிரியாவின் ஆட்சியாளர் பசார் அல் அசாது நாட்டைவிட்டு ஓடினார். அவர் தந்தை அபீசு 1970-இல் படைவலியால் கைப்பற்றிய ஆட்சி, ஐம்பத்து நான்கு ஆண்டுகளின்பின் இரண்டு கிழமைக்குள் சரிந்தது. சிறைக் கதவுகள் திறந்தன. மக்கள் தெருக்களில் ஆடிப் பாடினர். மூன்று திங்கள் கழிந்தன. 2025 மார்ச்சில், வீழ்ந்த ஆட்சியின் ஆட்கள் புதிய அரசின் காவற்படையைத் தாக்கினர். அதற்குப் பழிவாங்கப் புறப்பட்டோர், கடற்கரை மாவட்டங்களில் அலவியர் எனப்படும் சமயப் பிரிவினரை வீடுவீடாகத் தேடிக் கொன்றனர். ஏறத்தாழ 1,400 பேர் மாண்டனர் என ஐ.நா. உசாவற்குழு அறிவித்தது. 'நீ என்ன செய்தாய்?' என்று கொலைஞர் கேட்கவில்லை; 'நீ அலவியனா?' என்றே கேட்டனர். அவ்வாண்டு சூலையில் சுவைதா வட்டாரத்தில் துரூசியர்க்கும் பெதுவினர்க்கும் மூண்ட பூசலில் அரசுப் படையும் புகுந்தது. மீண்டும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இவற்றைக் காட்டி ஒரு சாரார், "பார்த்தீர்களா, கொடுங்கோலன் இருந்தவரை அமைதி இருந்தது, அவன் போனதும் வெட்டும் குத்தும் வந்துவிட்டன" என்கின்றனர். 2003-இல் சதாம் உசேன் வீழ்ந்து ஈராக்கில் சுன்னியரும் சீயாவினரும் ஒருவரை ஒருவர் கொன்ற காலத்தும் இதையே கூறினர். நம் நாட்டிலும் 'வெள்ளைக்காரன் இருந்தவரை சண்டை இல்லை' என்று பேசிய கிழவர்களை நாம் கண்டதுண்டு. இக்கூற்று மேலோட்டமாக உண்மைபோல் தோன்றும், அடியோடு பொய். அதன் பொய்ம்மையை விளக்கிக்கொள்ளாமல், மறுநாளின் பாடத்தை நாம் கற்க இயலாது.

பிணையாக்கப்பட்ட குடிகள்

கொடுங்கோன்மை தன் குடிகளை இணைத்து வைத்திருப்பதில்லை. அஞ்ச வைத்துப் பிரித்து வைத்திருக்கின்றது. அசாதுக் குடும்பம் தன் சமயப் பிரிவினரான அலவியரைப் படைத்தலைமையிலும் கமுக்கக் காவல்துறையிலும் நிறைத்தது. அதனால் எல்லா அலவியரும் செல்வரானாரல்லர். பல்லாயிரவர் ஏழைகளாகவே இருந்தனர். ஆயினும் ஆட்சி செய்த கொலைகளுக்கெல்லாம் அவ்வினம் முழுமையும் பிணையாக வைக்கப்பட்டுவிட்டது. 1982-இல் அமா நகரில் ஆயிரக்கணக்கானோர் அழிக்கப்பட்டபோது, அக்கொலைக்கு ஆணையிட்டோர் பெயரை எந்த வழக்குமன்றும் எழுதவில்லை. வழக்குமன்று எழுதாத பெயரைக் கும்பல் எழுதும். கும்பலுக்கு ஆளின் பெயர் தெரியாது. இனத்தின் பெயர்தான் தெரியும்.

கொடுங்கோலன் விட்டுச் செல்லும் பெருநஞ்சு இதுவே. அவன் கொன்ற உயிர்களினும், சிறைவைத்த உடல்களினும் கொடிது அவன் மக்கள் உள்ளத்தில் பதித்துச் செல்லும் இவ்வழக்கம்: ஒருவன் செய்த குற்றத்தை அவன் இனத்தார் அனைவர் தலையிலும் ஏற்றும் வழக்கம். கோல் முறியும்போது அச்சம் நீங்குகின்றது, வழக்கம் நீங்குவதில்லை. அச்சம் அடக்கி வைத்திருந்த கை, அப்பொழுது கட்டவிழ்ந்து எழுகின்றது. கத்தியைத் தீட்டியவன் அவனே. அவன் போனபின் அது பாய்கின்றது. பாய்ந்ததைக் காட்டி அவனையே புகழ்வது எத்தகைய அறிவு?

திருவள்ளுவர் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். உட்பகைக்கு மற்றோர் அதிகாரம் வகுத்தார். முன்னது அரசியலிலும் பின்னது நட்பியலிலும் நிற்கின்றன. வகுப்பில் அவற்றைத் தனித்தனியே நடத்துகின்றோம். உலக வரலாறோ முன்னதன் விளைவே பின்னது என்று சேர்த்து நடத்துகின்றது.

1977 தந்த பாடம்

சிரியா தொலைவில் உள்ளது எனக் கருத வேண்டா. 1977-ஆம் ஆண்டை நினைவு கூர்க. அவ்வோராண்டில் நம்மைச் சூழ்ந்த இரு நாடுகளில் இரு வல்லாட்சிகள் சாய்ந்தன. தில்லியில் 1975 சூனில் தொடங்கிய நெருக்கடிநிலை 1977 மார்ச்சில் முடிந்தது. இந்திரா காந்தி தோற்றார். கொழும்பில், 1971 முதல் ஏறத்தாழ ஆறாண்டு நெருக்கடிநிலைச் சட்டங்களைக் கொண்டு ஆண்டு, புதிய அரசியல் யாப்பின் வாயிலாகத் தன் ஆட்சிக் காலத்தையும் ஈராண்டு நீட்டிக்கொண்ட சிரிமாவோ பண்டாரநாயகாவின் அரசு 1977 சூலையில் வீழ்ந்தது. இவ்விரண்டும் அசாதின் ஆட்சியை ஒத்தனவல்ல, தேர்தலுக்குத் தலைவணங்கியவை. எனினும் மறுநாளின் பாடம் இங்கும் மாறவில்லை.

தில்லியில் ஆட்சி மாறிய ஏறத்தாழ இரண்டு திங்களில், மே மாதத்தில், பீகாரின் பெல்ச்சிச் சிற்றூரில் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோரான 11 பேர் நிலவுடைமையாளரின் கும்பலால் கொல்லப்பட்டனர். 'குடியாட்சி மீண்டது' என்று நாடெங்கும் முரசறைந்த வேளை அது. அந்த ஏழைகளுக்கு எந்த ஆட்சி மீண்டது?

கொழும்பின் கதை இன்னும் நெஞ்சைச் சுடுவது. 'தமிழ் பேசும் மக்களுக்குக் குறைகள் உள' என்று தன் தேர்தல் அறிக்கையில் ஒப்புக்கொண்ட ஐக்கிய தேசியக் கட்சி, 168 இடங்களில் 140 இடங்களை, அஃதாவது ஆறில் ஐந்து பங்கை வென்றது. செயவர்த்தனா தலைமையமைச்சரானார். தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்கள் பெற, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். முறையாகத் தேர்தலில் நின்று, முறையாக வென்று, முறையாக மன்றத்தில் அமர்ந்த தமிழர்க்கு ஒரு திங்கள் கூட அமைதி வாய்க்கவில்லை. ஆகசுட்டு நடுவில் யாழ்ப்பாணத்துக் களியாட்ட விழா ஒன்றில் காவலர்க்கும் மக்கட்கும் எழுந்த பூசல், வதந்தியாய் ஊதிப் பெருக்கப்பட்டுத் தெற்கே பரவியது. அனுராதபுரத்திலும் குருநாகலிலும் கண்டியிலும் வாழ்ந்த தமிழர் வெட்டப்பட்டனர், வீடு எரிக்கப்பட்டனர். யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டிராத மலையகத் தோட்டத் தொழிலாளர் பல்லாயிரவர் உடுத்த துணியோடு வவுனியாவுக்கு ஓடினர். அத்தேயிலைத் தொழிலாளி செய்த குற்றம் யாது? அவன் தமிழன்.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் நினைவில் நிறுத்த வேண்டுவது. முன்னாள் தலைமை நடுவர் சன்சோனி தலைமையில் உசாவற்குழு அமைந்தது. 1980-இல் அதன் அறிக்கையும் வெளிவந்தது. அறிக்கையைத் தொடர்ந்து ஒறுப்பு வந்ததா? இல்லை. 1982-இல் ஒரு சட்டம் வந்தது. 1977 ஆகசுட்டுத் திங்களில் அமைதி காக்கும் பெயரால் அமைச்சரும் அரசு அலுவலரும் செய்த செயல்களுக்கு வழக்குமன்றில் விடை கூற வேண்டுவதில்லை என்று காப்பளித்த சட்டம் அது. அடுத்த ஆண்டு 1983. அதன் சூலைத் திங்கள் எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. குற்றவாளிக்கு முன்கூட்டியே காப்பு எழுதிக் கொடுத்த நாட்டில், குற்றம் பன்மடங்காய்த் திரும்பி வந்தது. எரிக்கக் கற்றவன், எரித்தால் கேட்பாரில்லை என்பதையும் கற்றான்.

காலிமுகத் திடலில் காய்ச்சிய கஞ்சி

நாற்பத்தைந்து ஆண்டுகளின்பின் மீண்டும் ஒரு சூலைத் திங்கள். 2022 சூலை 9-ஆம் நாள் சிங்கள மக்களே தம் குடியரசுத் தலைவரின் மாளிகைக்குள் புகுந்தனர். 2009-இல் முள்ளிவாய்க்காலை முடித்த காலத்துப் பாதுகாப்புச் செயலராக இருந்தவரும், 2020-இல் அரசியல் யாப்பைத் திருத்தி ஆற்றலையெல்லாம் தம் கையில் குவித்துக்கொண்டவருமான கோத்தபய இராசபக்சே, மாலத்தீவுக்கும் பின் சிங்கப்பூருக்கும் ஓடி ஆங்கிருந்து பதவி துறந்தார்.

இம்முறை மறுநாள் குருதி ஓடவில்லை. அது சிறிய செய்தியன்று. அவ்வாண்டு மே 18-ஆம் நாள், கொழும்புக் காலிமுகத் திடலிலேயே முள்ளிவாய்க்காலில் மாண்டோர்க்கு விளக்கேற்றி, அவர்தம் கடைசி உணவான கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்தனர். சிங்கள இளைஞரும் அக்கஞ்சியைக் கையேந்திப் பருகினர். பதின்மூன்றாண்டு எண்ணவும் இயலாதிருந்த காட்சி அது. அதனை இகழ்பவர் சிறுமதியர்.

எனினும் கஞ்சி குடித்ததனால் கணக்குத் தீர்ந்துவிடாது. 2000-ஆம் ஆண்டு திசம்பரில் மிருசுவிலில் ஒரு குழந்தை உட்பட எட்டுத் தமிழரைக் கொன்ற படைவீரன் ஒருவனுக்கு, பதினைந்து ஆண்டு வழக்கின்பின் 2015-இல் இறப்பொறுப்பு விதிக்கப்பட்டது. ஈழத்தின் எண்ணற்ற கொலைகளுள் ஆளின் பெயரைச் சொல்லி வழக்குமன்று எழுதிய மிகச் சில தீர்ப்புகளுள் அஃது ஒன்று. 2020 மார்ச்சில் கோத்தபய அவனைப் பொதுமன்னிப்பால் விடுவித்தார். விடுவித்தவர் வீழ்ந்தார், அவர் செய்த அநீதி நின்றது. 2025-இல் யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் மண்ணைத் தோண்டியபோது 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையனவும் அவற்றுள் இருந்தன. அக்குழந்தைகளைப் புதைத்த கைகளுக்கு உரியோர் பெயர் எந்த ஏட்டில் உள்ளது?

2024 செபுதம்பரில் அனுர குமார திசநாயக்கா குடியரசுத் தலைவரானார். நவம்பர்ப் பொதுத்தேர்தலில் அவர் அணி 225-இல் 159 இடங்களை வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் வென்றது. இனச்சார்பு இல்லை, நாம் அனைவரும் ஒரு நாட்டார் என்கின்றனர். கேட்க இனிமையாக உள்ளது. ஆயின் வடக்கிலும் கிழக்கிலும் மாகாண அவைகள் பத்தாண்டுக்கு மேல் தேர்தலின்றிக் கிடந்தன. 1979-இல் கொணர்ந்த அச்சுறுத்தல் தடைச் சட்டம் ஆட்சிகள் பல மாறியும் அவ்வாட்சி வந்த நாளிலும் நிலைத்தே இருந்தது. குற்றம் செய்தவன் பெயர் எழுதப்படாதவரை, தமிழ்க் குழந்தை எல்லாச் சிங்களரையும் ஐயுறும். சிங்களக் குழந்தை எல்லாத் தமிழரையும் அஞ்சும். பெயர் எழுதப்பட்டால்தான், 1983-இல் தமிழரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்து உயிர்காத்த சிங்களரையும் கொலைஞரையும் பிரித்தறிய நம்மாலும் இயலும். முறைமன்றம் பழிவாங்கும் கருவியன்று. உடன்வாழ்வுக்கு இடும் கால்கோள்.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை கூறியதை நம் அன்பர்கள் அனைவரும் தலையசைத்து ஏற்பர். இனிக் கூறுவதையும் பொறுமையுடன் எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

1990 ஆகசுட்டு 3-ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்குதோபரில் வடமாகாண இசுலாமியர் ஏறத்தாழ 70,000 பேர் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கொடுத்த காலம் இரண்டு மணிநேரம். புத்தளத்துத் தென்னந்தோப்புகளில் குடிசை கட்டி ஒரு தலைமுறை அங்கேயே வளர்ந்தது. அவர்கள் தாய்மொழி யாது? தமிழ். அவர்கள் வீட்டுத் தாலாட்டு தமிழ். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய எட்டயபுரம் எம் ஊரிலிருந்து தொலைவில் இல்லை. அப்புலவரைத் தமிழர் அல்லர் என்று எந்தத் தமிழாசிரியன் கூறுவான்?

சிலர் காட்டிக்கொடுத்தனர் என்றே கரணியம் சொல்லப்பட்டது. சிலர் செய்திருப்பின் அச்சிலரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அலவியரைக் கொன்றவன் கேட்ட அதே வினாவை நம் பெயரால் யாரும் கேட்கலாகாது. அது பெரும்பிழை என்பதை இயக்கத்தின் கோட்பாட்டாளர் அன்ரன் பாலசிங்கமே 2002-இல் ஒப்பினார். நாம் இங்கிருந்துகொண்டு அதனைச் சொல்லத் தயங்குவது எதற்கு? இதனைச் சொல்வதால் முள்ளிவாய்க்காலின் கொடுமை ஓரணுவும் குறையாது. சொல்லாமல் விடுவதால் நம் வழக்கின் வலிமைதான் குறையும்.

கடல் கடக்கவும் வேண்டா. 1978 சூலையில் விழுப்புரத்தில் தாழ்த்தப்பட்டோர் பன்னிருவர் கொல்லப்பட்டனர். கொன்றோரும் தமிழர், மாண்டோரும் தமிழர். 1995 சூலையில் எம் ஊரையடுத்த வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநர் ஒருவர்க்கும் பள்ளி மாணவர்க்கும் எழுந்த சிறுபூசல், தென்மாவட்டங்களில் சாதித் தீயாய்ப் பரவியது. ஓட்டுநர் யார், மாணவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. எந்தச் சாதி என்றே கேட்டனர். கேள்வியின் உருவத்தைக் காண்க. சிரியாவில் கேட்டதும் கண்டியில் கேட்டதும் இங்குக் கேட்டதும் ஒரே கேள்வி.

பாதியும் பாதியும்

சங்கரன்கோவிலில் வாழ்வோர்க்குச் சமயப்பூசல் புதிய செய்தியன்று. எம் ஊர்க் கோயிலே அப்பூசலுக்குக் கண்ட தீர்வுதான். சங்கன், பதுமன் என்னும் நாக வேந்தர் இருவர் சிவன் பெரியனா, திருமால் பெரியனா என்று வழக்கிட்டனர் என்றும், கோமதி என வழங்கும் ஆவுடையம்மை தவமிருக்க, இறைவன் ஒருபாதி சிவனாகவும் மறுபாதி திருமாலாகவும் தோன்றினான் என்றும் கதை வழங்குகின்றது. ஆடித் தவசு அதன் நினைவே. தொன்மக் கதையை வரலாறாகக் கொள்ள வேண்டும் என்று நான் கூறேன். அதனைப் புனைந்தோர் உள்ளத்தை நோக்குக. பூசலைத் தீர்க்க அவர்கள் ஒருவரை வெற்றியாளர் ஆக்கவில்லை; இருவரையும் கரைத்து மூன்றாம் உருவம் ஒன்று வார்க்கவுமில்லை. சிவனின் பாதியில் மழுவும் சடையும் அப்படியே உள்ளன. திருமாலின் பாதியில் சங்கும் முடியும் அப்படியே உள்ளன. ஒரே திருமுன்னில் திருநீறும் உண்டு, துளசிநீரும் உண்டு. ஒன்றிலொன்று கரையாமல் ஒன்றாய் நிற்பதே அவ்வுருவத்தின் பொருள்.

ஒற்றுமை என்னும் பெயரால் உலகெங்கும் நடப்பது இதற்கு மாறானது. போர் முடிந்த 2009-இல் மகிந்த இராசபக்சே இனி இந்நாட்டில் சிறுபான்மையர் என்பாரே இல்லை என்ற கருத்துப்படப் பேசினார். அஃது அரவணைப்பன்று, விழுங்குதல். சிறிய பாதியின் சங்கைப் பறித்துவிட்டு, இனி இரண்டும் ஒன்று என்பது உடன்வாழ்வாகாது. உடன்வாழ்வு என்பது சிறியவன் தன் மொழி, தன் நிலம், தன் வழிபாடு ஆகியவற்றோடு முழுமையாக நிற்க, பெரியவன் அதற்குச் சட்டத்தால் கட்டுப்படுவது.

எழுதிவைக்க வேண்டியன

ஆகலின் விடுதலை வேண்டும் எந்த இனமும், கோல் முறியும் நாளுக்கு முன்பே, மூன்றினை எழுதிவைக்க வேண்டும். வென்றபின் எழுதலாம் என்பது வீண்பேச்சு. வென்றவன் கை எழுதுகோலை விரைவில் பற்றுவதில்லை.

முதலாவது, குற்றம் ஆள்மேலது, இனத்தின்மேலது அன்று. சார்பற்ற முறைமன்றம், தோற்றவனையும் வென்றவனையும் ஒரே கூண்டில் ஏற்ற வேண்டும். சிரியாவிலும் கடற்கரைக் கொலைகளுக்காக 2025 நவம்பரில் அலெப்போவில் வழக்குத் தொடங்கியபோது, புதிய அரசின் படையினரும் பழைய ஆட்சியின் ஆட்களும் ஒருசேர நிறுத்தப்பட்டனர். முழுமையான முறை அதனால் கிட்டிவிடும் என்று எவரும் உறுதிகூற இயலாது. எனினும் தொடங்க வேண்டிய இடம் அதுவே. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் நிறவெறி ஆட்சி நீங்கியபின், பேராயர் தெசுமாண்டு துட்டு தலைமையிலான உண்மை காணும் ஆணையத்திடம் 7,000-க்கு மேற்பட்டோர் பொதுமன்னிப்பு வேண்டினர். வேண்டியவர் ஒவ்வொருவரும் தாம் செய்ததைத் தம் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பெரும்பாலோர்க்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. வெள்ளையர் அனைவரும் குற்றவாளிகள் என்று அவர்கள் எழுதவில்லை. குற்றவாளிகள் எவரும் இலர் என்றும் எழுதவில்லை.

இரண்டாவது, நமக்குள் சிறியவரான எவர்க்கும், அவர் இசுலாமியராயினும், மலையகத்தாராயினும், தாழ்த்தப்பட்டோராயினும், நிலமும் வழிபாடும் உயிரும் காப்புறும் என்பதை நாமே முன்வந்து எழுத வேண்டும். கொழும்பிடம் நாம் கேட்பது எதுவோ அதனைப் புத்தளத்துக் குடிசைக்கு நாம் கொடுக்க வேண்டும். கொடாதவன் கேட்கும் உரிமையை இழக்கின்றான்.

மூன்றாவது, பள்ளி. ஒவ்வொரு தலைமுறைக்கும் நாம் நம் காயத்தை மட்டும் கற்பிக்கின்றோம். நாம் செய்த காயத்தை மறைக்கின்றோம். சிங்களப் பள்ளியும் அதையே செய்கின்றது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றி நம் மாணவர் அறிவர், அறியத்தான் வேண்டும். அவர்களே புத்தளத்தையும் விழுப்புரத்தையும் அறிய வேண்டும். இரண்டையும் கற்ற மாணவன், கும்பல் தன் வாசலில் வந்து 'அவன் எந்த ஆள்?' என்று கேட்கும்போது, 'அவன் என்ன செய்தான் என்று கேள்' எனத் திருப்பிக் கேட்பான்.

அத்தகைய மாணவர் ஊருக்குப் பத்துப்பேர் இருப்பினும் தீ பரவாது. அப்பதின்மரை உருவாக்குவது தில்லியின் கையிலும் இல்லை, கொழும்பின் கையிலும் இல்லை. நம் கையில் உள்ளது. தளை அறுக்கும் வலிமை வேண்டும் என்போம். அதனோடு, அறுந்த தளையைப் பிறர் காலில் பூட்டாத திண்மையும் வேண்டும் என்று கூறத் துணிவோம்.